வேண்டாதவருக்கு மட்டும் தண்ணீர்

குளத்தில் தண்ணீர் இருந்தது. வயலில் நெல் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மும்மதப் பேரின்ப அதிகாரசபை இருந்தது.

செட்டிகுளத்திலிருந்து காட்டுப் பக்கமாகப் போகும் கிரவல் வீதியில், கூழாவடிச் சின்னக்குளம் என்றால் பஸ்காரரே கொஞ்சம் யோசித்துத்தான் நிறுத்துவார். அங்கே இருப்பவர்களின் தாய் தகப்பன்மார் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து காடு வெட்டியவர்கள். பிள்ளைகள் அந்தக் காணிகளை விட்டு ஓடி, முள்ளுக்கம்பி முகாமில் இருந்து, திரும்பி வந்து அதே காட்டை இன்னொரு தரம் வெட்டினார்கள். இந்த வருடம் சிறுபோகம் விதைத்திருந்தார்கள். நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் உள்ளுக்குள் உருண்டு வெளியே வரக் காத்திருக்கும் அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் வருவது நெல் அல்ல, உள்ளே அரிசியில்லாத சப்பி. அந்த நேரம் பார்த்து அதிகாரசபை, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசைச் சங்கிலி போட்டுப் பூட்டியது.

இதற்கு ஊர் எப்படி விட்டது என்று கேட்டால், கை தூக்கித்தான் விட்டது. பயிர்ச்செய்கைக் கூட்டம் என்று சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு பணிப்பாளர் வந்து பேரின்பத்தைப் பற்றி நீளமாகக் கதைத்துவிட்டு, "சம்மதம் உள்ளவை கையைத் தூக்குங்கோ" என்றார். ஊர் முழுக்கத் தூக்கியது. முகாமில் இருந்த காலத்தில் கை தூக்கியவருக்குப் பாயோ பருப்போ ஏதோ ஒன்று கிடைத்தது. எதற்கு என்று கேட்டவருக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பழக்கத்தில் குளக்கட்டும் துருசும் போயின. கட்டின் மேல் வெள்ளைக் கட்டடம் ஒன்று எழும்பியது. தண்ணீர் பாயும் சத்தம் கேட்பவர் மனத்தில் ஆசையைக் கிளப்புகிறது என்று கண்டுபிடித்து, துருசை மூடினார்கள்.

பூட்டை உடைக்கப் போன இரண்டு பேருக்குக் கருணைக் காவலர்கள் கையை முறித்து அனுப்பினார்கள். கருணைக் காவலர்கள் என்பது வெள்ளைச் சாரம் கட்டி, முதிரைத் தடி வைத்திருப்பவர்கள். முறிப்பதற்கு முன் கும்பிடுவார்கள். எந்தக் கை என்று கேட்டுவிட்டுத்தான் முறிப்பார்கள் என்று அந்த இரண்டு பேரும் பிறகு நன்றியோடு சொன்னார்கள்.

அதன் பிறகு ஊர் கூடி, கதைத்துப் பார்க்கத் தங்கராசாவை அனுப்புவது என்று முடிவெடுத்தது. அவனுடைய ஒன்றரை ஏக்கர்தான் வாய்க்காலின் கடைசி வயல், முதலில் காய்வது அதுதான். மற்றக் காரணத்தை அவனுடைய மனைவி மீனம்மா வெளியே சொன்னாள்.

"உங்கட முகத்தைப் பார்த்தா ஒருத்தருக்கும் கோவம் வராதாம். அதுதான் உங்களை அனுப்பீனம்."

"அடிச்சா?"

"அடிச்சாலும் உங்களுக்குக் கோவம் வராதுதானே. அதுதான்."

பணிப்பாளரின் அறை குளிராக இருந்தது. அவருடைய தலைக்கு மேல் 'ஆசை அறுமின்' என்று பித்தளையில் பொறித்திருந்தது. மேசையில் ஒரு செவ்விளநீர் சீவி வைக்கப்பட்டிருந்தது.

"என்ன வேணும்?" என்று கேட்டார்.

"தண்ணி, ஐயா."

பணிப்பாளர் கவலையோடு பெருமூச்சு விட்டார்.

"பாரும், கேட்ட உடன என்ன சொல்லுறீர் எண்டு. வேணும் எண்டுறவரிட்டத் துருசுப் பூட்டின்ர திறப்பைக் குடுக்கிறது, குடிகாரனிட்டக் கள்ளுத் தவறணையைக் குடுக்கிற மாதிரி. ஆசை இல்லாத ஒருத்தர் வரட்டும், இந்த நிமிஷமே குடுப்பன்."

"ஆசை இல்லாதவர் ஏன் ஐயா வாறார்?"

"அதுதான் ஒருத்தரும் வரேல்லை. நாங்கள் துவங்கி இவ்வளவு காலத்தில, தண்ணி கேட்டு வந்த ஆசையில்லாதவர் ஒருத்தர்கூட இல்லை. திட்டம் எவ்வளவு வெற்றி எண்டு இதிலயே விளங்கும்."

தங்கராசா கொஞ்சம் யோசித்தான்.

"அப்ப எனக்கு வேண்டாம், ஐயா."

"எல்லாரும் இரண்டாம் தரம் அப்பிடித்தான் சொல்லுகினம்." பணிப்பாளர் இளநீரை உறிஞ்சினார். "அதைச் சோதிக்கத்தான் மூண்டு பிரிவு வைச்சிருக்கிறம். பௌத்தம், சமணம், இந்து. மூண்டிலயும் பேரின்பம் அடைஞ்சால் திறப்பு உம்மட கழுத்தில."

"அடையாட்டி?"

"அடையிற வரைக்கும் உள்ளுக்க இருக்கலாம். நாங்கள் அவசரப்படுத்திறதில்லை."

நெல் அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. தங்கராசா உள்ளே போனான்.

பௌத்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் விஜிதரன். முன்பு நில அளவைக் கந்தோரில் இருந்து மாற்றலாகி வந்தவர். புத்தரைப் பற்றி ஐந்து நாள் பயிற்சி எடுத்திருந்தார், அதில் இரண்டு நாள் வெசாக் பௌர்ணமி விடுமுறை.

"நாலு உண்மை இருக்கு," என்று தங்கராசாவை ஒரு நீள மர வாங்கில் குப்புறப் படுக்கச் சொல்லிவிட்டு விளங்கப்படுத்தினார். "துன்பம் இருக்கு. அதுக்குக் காரணம் இருக்கு. அதுக்கு முடிவு இருக்கு. முடிவுக்கு வழி இருக்கு. எங்களுக்குத் தந்த நேரத்துக்குள்ள நாலும் செய்ய ஏலாது. காரணம் கேக்கிறது இந்த மாவட்டத்தில நல்லதில்லை, அதை விட்டிட்டம். வழி எண்டுறது நீளமான விசயம், அதையும் விட்டிட்டம். முதலாவதையும் மூண்டாவதையும் குறையில்லாமல் செய்வம்."

இரண்டு கருணைக் காவலர்கள் கும்பிட்டுவிட்டு முதலாவது உண்மையைத் துவங்கினார்கள். முதிரைத் தடி முதுகில் விழுந்தது, பிறகு துடையில், பிறகு உள்ளங்காலில். தோல் வெடித்து இரத்தம் வாங்கின் காலால் வழிந்தது. அதைத் துடைக்க ஒரு துணி தயாராக இருந்தது. திடீரென்று நிறுத்தினார்கள். விஜிதரன் குனிந்து அவன் முகத்துக்குக் கிட்ட வந்தார்.

"இப்ப எப்பிடி?"

"பரவாயில்லை, ஐயா."

"அடிக்கேக்க எப்பிடி இருந்தது?"

"அதுவும் பரவாயில்லை."

விஜிதரனின் முகம் வாடியது. அவர் காவலர்களைப் பார்த்தார், காவலர்கள் தடியைப் பார்த்தார்கள். இன்னும் இரண்டு தரம் அடித்து நிறுத்திப் பார்த்தார்கள். இரண்டுக்கும் நடுவில் தங்கராசாவின் முகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"உங்கட ஆக்களிட்ட இதுதான் கரைச்சல்," என்றார் விஜிதரன். "கொழும்பில எண்டால் ஒரு அடி போதும், நிப்பாட்டின உடன அழுது கும்பிடுவினம். நீங்கள் எல்லாரும் வேற இடங்களில வாங்கிப் பழகிப்போட்டு வாறியள். எங்களுக்கு முதல் ஆரோ உங்களில வேலை செய்து வைச்சிருக்கினம்."

கடைசியில் விரல் நகம் ஒன்றைக் கழற்றினார்கள். தங்கராசா கத்தினான். கழற்றி முடிந்தபின் கத்தலை நிறுத்தினான். அந்த நிறுத்தத்தை விஜிதரன் பேரின்பமாக ஏற்றுக்கொண்டு, அவனுடைய தோளில் அன்பாகத் தட்டினார். தோளிலும் புண் இருந்தது.

சமணப் பிரிவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். வன்னியில் சமணர் ஒருவரும் இல்லை. ஆனால் திட்டத்தை அங்கீகரித்த பெரியவர்கள் மூன்று மதம் என்று சொல்லியிருந்தார்கள், இரண்டோடு நிறுத்தினால் கட்டடத்தில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும். ஆகவே சமணர் பதவிக்குப் போட்டிப் பரீட்சை வைத்தார்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்த நிறோஜன் அதில் முதலாவதாக வந்தான். அவனுடைய அப்பா, அப்பப்பா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போனவர்கள். பதவி ஏற்ற நாளிலிருந்து நிறோஜன் மீன் தொடவில்லை, இறைச்சி தொடவில்லை, முட்டைகூடத் தொடவில்லை. நடக்கும்போது எறும்பு சாகாமல் இருக்க மயிலிறகால் நிலத்தைக் கூட்டிக்கொண்டு நடந்தான். அவனுடைய கண் சிவந்திருந்தது.

"அண்ணை, இஞ்ச ஒரு விதிதான்," என்றான். "ஒரு உயிரும் சாகக் கூடாது. அடுத்த உயிருக்கு நோவு குடுக்காமல் இருக்கேக்க வாற சந்தோசம் இருக்கே, அதுக்கு முடிவில்லை எண்டு படிச்சனான். ஆரும் ஒரு உயிரைச் சாகடிச்சால், சாகடிச்சவருக்குக் கன்னத்தில அறை. விளங்குதோ?"

"விளங்குது, தம்பி."

குளக்கட்டில் பொழுது படும் நேரம். நுளம்பு கூட்டமாக எழும்பியது. ஒன்று தங்கராசாவின் கழுத்தில் குந்தியது. அவன் யோசிக்காமல் தட்டினான், அது தப்பிப் பறந்தது.

அது தப்பியதைக் கவனிக்காமல் நிறோஜன் ஓங்கி அறைந்தான். அறையில் தங்கராசாவின் கடைவாய்ப் பல் ஒன்று ஆடியது. கூடவே கன்னத்தில் குந்தியிருந்த இன்னொரு நுளம்பு நசுங்கியது. கருணைக் காவலன் ஒருவன் அதைக் கிட்டப் போய்ப் பார்த்தான், கும்பிட்டான், நிறோஜனை அறைந்தான். நிறோஜனின் கன்னத்தில் இரண்டு நுளம்பு இருந்திருக்கிறது. அதைக் கண்ட மற்றக் காவலன் முதல் காவலனுக்கு இரண்டு அறை கொடுத்தான். விதி விதிதான். கொஞ்ச நேரத்தில் சமணப் பிரிவு முழுக்க ஒருவரை ஒருவர் அறைந்துகொண்டு நின்றது. ஒருவனுடைய தாடை இறங்கியது. ஒருவனுக்குக் காதால் இரத்தம் வந்தது, அந்த இரத்தத்துக்கு இன்னும் நுளம்பு வந்தது.

"நிப்பாட்டட்டோ, சேர்?" என்று ஒரு காவலன் அழுதபடி கேட்டான்.

"நிப்பாட்டினால் செத்த உயிர்களுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்று நிறோஜன் அவனை அறைந்தான்.

தங்கராசா மட்டும் அந்த நேரம் சும்மா இருந்தான். முதல் தட்டோடு நகம் போன கை வீங்கிவிட்டபடியால் பிறகு தட்ட முடியவில்லை, நுளம்புகள் அவனில் வயிறு முட்டக் குடித்துவிட்டுப் பத்திரமாகப் போயின. விடிய, உதடு வெடித்த நிறோஜன் அவன் முன் முழங்காலில் விழுந்தான்.

"அண்ணை, இந்த அறையில கொலை செய்யாத ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் பாஸ்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "வீட்டில இருந்து வரேக்க பாரைக் கருவாடு ஏதும் கொண்டந்தனீங்களோ?"

இந்துப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த சிவதர்சினி அம்மா, முன்பு அனுமதியில்லாத கட்டடங்களை இடிக்கும் பிரிவில் இருந்தவா. அதில் அவாவுக்கு நல்ல பெயர்.

"மனிசனுக்கு அஞ்சு உறை," என்றா. "வெளியில இருக்கிறது சோறு. அதுக்குள்ள மூச்சு, அதுக்குள்ள மனம், அதுக்குள்ள அறிவு. எல்லாத்துக்கும் உள்ளுக்க ஆனந்தம் இருக்கு. எங்கட பெரியவை அதைக் கண்டுபிடிக்க எத்தினையோ பிறவி எடுத்தவை. நான் கிழமைக்குள்ள முடிச்சுத் தாறன். பயப்பிடாதேங்கோ. உடைக்காமல் உள்ளுக்குப் போக ஏலாது, அவ்வளவுதான்."

சோற்று உறையைக் கழற்றச் சோற்றை நிறுத்தினார்கள். மூச்சு உறைக்குத் தங்கராசாவைக் குளக்கட்டுக்குக் கொண்டுபோய்த் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். துருசைப் பூட்டிய பிறகு கூழாவடிச் சின்னக்குளத்துத் தண்ணீர் ஒரு கமக்காரனுக்குக் கிடைத்தது அதுதான் முதல் தரம். அவன் குடிக்கிறான் என்று கண்டதும் தலைமயிரில் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

மனத்தை உரிக்கத் தடி தேவைப்படவில்லை. சிவதர்சினி அம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவனுக்கு முன்னால் இருந்தா.

"உங்கட தம்பி எங்க?"

தங்கராசா நிமிர்ந்து பார்த்தான். அவனுடைய தம்பி சண்டை முடிந்த கிழமை, பெயர் பதிந்துவிட்டு அனுப்புவார்கள் என்று சொன்ன ஒரு பஸ்ஸில் ஏறியவன்.

"தெரியாதம்மா. பஸ்ஸில ஏத்தினவை."

"எங்க போன பஸ்?"

"தெரியாது."

"நீங்கள் ஏன் ஏற விட்டனீங்கள்?"

அடுத்த நாளும் கேட்டா. அதற்கு அடுத்த நாளும் அதே குரலில், அதே ஒழுங்கில் கேட்டா. முதல் நாள் அவன் அழுதான். பிறகு கதிரையோடு அவா மேல் பாய்ந்தான், காவலர்கள் அவனுடைய விலா எலும்பை உடைத்து இருத்தினார்கள். கடைசியில் ஒரு நாள், தம்பி எங்கே என்று கேட்டபோது அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தான். சிவதர்சினி அம்மா திருப்தியோடு எழும்பினா. அந்த உறை போய்விட்டது.

அறிவு உறைக்கு, பெரிய வெண்கல மணி ஒன்றை அவன் தலையில் கவிழ்த்து, வெளியிலிருந்து சுத்தியலால் அடித்தார்கள். காதாலும் மூக்காலும் இரத்தம் வந்தது. மணியை எடுத்தபோது தங்கராசா சிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன தெரியுது?"

"ஒண்டுமில்லை."

"என்ன வேணும்?"

அவன் தனக்குள் தேடிப் பார்த்தான். வயல் என்று ஒன்று இருந்தது நினைவு வந்தது, யாருடையதோ மாதிரி.

"ஒண்டும் வேண்டாம்," என்றான். அது உண்மை.

திறப்புக் கொடுக்கும் விழாவுக்கு ஊரைக் கூப்பிட்டார்கள். மண்டபத்தின் வாசலில் மீனம்மா முன்னுக்கு நின்றாள். மேடையில் இருந்தவனை அவளுக்கு முதலில் யாரென்று மட்டுக்கட்ட முடியவில்லை. முகம் வீங்கியிருந்தது மட்டும் காரணம் இல்லை.

பணிப்பாளர் தங்கராசாவின் கழுத்தில் திறப்பைக் கொழுவிவிட்டு, "இந்தப் பேரின்பம் எந்தப் பிரிவில கிடைச்சது எண்டு தலைமையகம் கேக்குது. எந்தப் பிரிவோ அதுக்குத்தான் அடுத்த வருசம் கட்டடத்தை விரிவாக்கிறது," என்றார்.

"என்னட்டைத்தான் முதல் வந்தவர்," என்றார் விஜிதரன். "துன்பம் நிண்டது எங்கட அறையில. பேந்து நடந்ததெல்லாம் மிச்சம்."

"துன்பம் நிண்டால் அது ஆனந்தமோ?" என்று சிவதர்சினி அம்மா சிரித்தா. "கல்லுக்கும் துன்பம் இல்லை. கல்லை மேடையில ஏத்துவமே? ஆனந்தம் எண்டுறது உள்ளுக்க இருக்கிற பொருள். நான் உடைச்சு எடுத்தனான்."

"இரண்டு பேரும் அந்த மனிசனுக்கு நோவு குடுத்தனீங்கள்," என்றான் நிறோஜன். "நோவு குடுக்காமல் வாறதுதான் பேரின்பம். அது என்ர."

சிவதர்சினி அம்மா விழாவுக்கு ஊத வைத்திருந்த சங்கை எடுத்து விஜிதரனின் மண்டையில் உடைத்தா. நிறோஜன் நியாயமாகப் பார்த்தால் அவாவைத் தாக்கியிருக்கவேண்டும், ஆனால் விஜிதரன் கிட்ட இருந்தார். மயிலிறகுக் கட்டின் பிடி பித்தளையால் ஆனது, அது விஜிதரனின் முன்பற்கள் இரண்டைக் கொண்டுபோனது. விஜிதரன் வாங்கைத் தூக்கி எறிந்தார். கருணைக் காவலர்கள் தங்கள் தங்கள் பிரிவுக்குக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். ஒருவனுடைய கை முழங்கையில் மற்றப் பக்கம் மடிந்தது. குத்துவிளக்கு ஒருவனுடைய துடையில் ஏறி நின்றது. நிறோஜன் சிவதர்சினி அம்மாவின் காதைக் கடித்தான். எல்லாரும் இழுத்தும் விடவில்லை. அவன் மாதக்கணக்காக மீன் மச்சம் சாப்பிடாதவன்.

பணிப்பாளர் ஒலிவாங்கியை விடவில்லை.

"ஒருத்தரும் கவலைப்படாதேங்கோ. பற்றறுத்த நிலையில எங்கட உத்தியோகத்தர் எவ்வளவு பற்றாய் இருக்கினம் எண்டு நீங்கள் கண்ணால பாக்கிறியள்," என்றார். ஒரு கதிரைக்கால் வந்து அவர் வாயில் பட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னது ஒருவருக்கும் விளங்கவில்லை.

மீனம்மா மேடையில் ஏறி, தங்கராசாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் நல்ல பிள்ளையாக வந்தான். துருசடியில் நின்ற கடைசிக் காவலன் மறித்தான்.

"அக்கா, ஆசை இருக்கிற ஆக்கள் திறக்க ஏலாது."

"நான் திறக்கேல்லை, தம்பி. அவர்தான் திறக்கிறார்."

தங்கராசாவின் கையாலேயே கழுத்துத் திறப்பைப் பூட்டில் திருப்பி, பிறகு இரண்டு கைகளையும் தூக்கித் துருசைச் சுற்றித் திறக்கும் சில்லில் வைத்து, அதற்கு மேல் தன் கைகளை வைத்து அமுக்கிச் சுற்றினாள். நகம் இல்லாத விரலில் இருந்து இரத்தம் சில்லில் வடிந்தது. அவன் அதைப் பார்த்துச் சிரித்தான். காலுக்குக் கீழே தண்ணீர் இரைந்து வாய்க்காலில் விழுந்தது. ஊர் வாய்க்கால் நெடுகத் தண்ணீரோடு ஓடியது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசி வயலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு வந்தபின், வீட்டில் மீனம்மா அவனுடைய கையைக் கிள்ளினாள்.

"நோகுதே?"

"இல்லை."

"உங்கட தம்பியை நினைவிருக்கே?"

அவன் சிரித்தான். மண்டபத்தில் வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

மூன்று பிரிவினரும் கட்டுப்போட்டுக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள். துருசைப் பூட்டி, சங்கிலியை ஒரு முறை கூடுதலாகச் சுற்றினார்கள். திறப்பு தங்கராசாவின் கழுத்தில் இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு தரம் திறக்க முதலும் ஆசை முளைத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். முளைத்திருந்தால் திறப்பைக் கழற்றிவிட்டு ஆளை மறுபடி உள்ளே எடுப்பார்கள். பால் பிடிக்கும் பருவத்துக்கு நெல்லுக்கு இன்னும் ஒரு தண்ணீர் வேண்டியிருந்தது.

மீனம்மா அவனைக் குளிப்பாட்டினாள், புண்ணுக்கு மருந்து கட்டினாள், ஊட்டிவிட்டாள். ஊட்டினால் தின்றான், நிறுத்தினால் நிறுத்தினான். ஊர்ச் சனம் வந்து அவனைப் பார்த்து, வயல் பச்சையாக நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது. அவள் ஒவ்வொரு நேரமும் சோற்றைக் குழைத்தபடி, என்ன வேணும், என்ன வேணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு மத்தியானம் குசினியில் வைத்துப் பருப்பும் சோறும் ஊட்டிக்கொண்டிருந்தாள். தங்கராசா மெல்லுவதை நிறுத்தினான். நெற்றி சுருங்கியது.

"உப்புக் காணாது," என்றான்.

மீனம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு அவள் எழும்பிப் போய் முதலில் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகுதான் உப்புப் போத்தலை எடுத்தாள்.

"மெல்லக் கதையுங்கோ," என்றாள். "இன்னும் என்ன வேணும்?"

"ஊறுகாய் இருக்கே?" பிறகு கொஞ்சம் பொறுத்து, "அந்தப் பஸ்ஸில நானும் ஏறியிருக்கலாம்," என்றான். தோள் குலுங்கத் துவங்கியது. உடைந்த விலா நொந்தது, கையால் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அவனுடைய வாயைத் தன் சேலைத் தலைப்பால் பொத்தி, தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு தண்ணி கிடக்கு. அதுவரைக்கும் வெளியில சிரிச்சுக்கொண்டு திரியுங்கோ. வீட்டுக்குள்ள வந்து அழுங்கோ."

குறித்த நாளில் துருசடியில் பணிப்பாளரும் மூன்று பிரிவினரும் நின்றார்கள். ஒருவருக்குத் தலையில் கட்டு, ஒருவருக்குக் காதில், ஒருவனுக்குக் கையில். தங்கராசா சிரித்துக்கொண்டு வந்தான். கட்டின் மேல் நின்று பார்த்தால் வயல் முழுக்கத் தெரியும், கடைசித் துண்டு மற்றவற்றைவிட ஒரு சொட்டு வெளிறி இருப்பதும் தெரியும். அவன் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

"எப்பிடி இருக்கிறீர்?" என்று பணிப்பாளர் வாய்க் கட்டுக்குள்ளால் கேட்டார்.

"ஒண்டும் இல்லை, ஐயா."

"தண்ணி வேணுமோ?"

"திறக்கச் சொன்னால் திறக்கிறன். வேண்டாம் எண்டால் போறன்."

மூன்று பிரிவினரும் மூன்று பக்கம் நின்று, என்னுடையவன் என்ற மாதிரித் தலையாட்டினார்கள். தங்கராசா சங்கிலியைக் கழற்றி, சில்லில் கையை வைத்தான். ஒரேயடியாகச் சுற்றிவிடக் கை துடித்தது. சுற்றாமல் இருப்பதுதான் அவனுக்கு உயிர் போகிற பாடாக இருந்தது. ஒரு சுற்று, நிறுத்து, ஒரு சிரிப்பு. இன்னொரு சுற்று. கீழே தண்ணீர் விழும் சத்தம் கேட்டபோது, அடி வாங்கியபோதுகூட இறுக்காத பல்லை இறுக்கிக்கொண்டு, அவன் வானத்தைப் பார்த்தான்.